சென்னிமலைத் தம்பி ஐடி வேலைக்குப் போனது: ஒரு நிகழ்வு ஆய்வு

இதுல வர்ற பையன் பேரு, காலேஜ் பேரு, கம்பெனி பேரு எதையும் போடப்போறதில்லைங்க, தம்பின்னே வெச்சுக்கலாம், அவங்க ஊட்ல சரின்னு சொன்னதுக்கப்பறம்தான் எழுதறேன். நான் கோயமுத்தூர்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைல இருக்கறவன், தம்பிக்குத் தூரத்து ஒறமொறை, அவன் காலேஜ் ரெண்டாம் வருசத்துல இருந்து கூட இருந்து பார்த்தது இது. மாற்றுத்திறனாளிப் பசங்க கம்ப்யூட்டர் படிப்புலயும் ஐடி வேலைலயும் எங்க மாட்டறாங்கன்னு கேட்டா எல்லாரும் "கண்ணு தெரியாம எப்புடிங்க கம்ப்யூட்டர் ப்ரோகிராம் கோடு அடிப்பான்"ங்கற இடத்துலயே நின்னுக்கறாங்க. இந்தக் கேசுல கோடு அடிக்கறது பெரிய பிரச்னையா இருந்ததே இல்ல, மாட்டுனதெல்லாம் வேற வேற இடத்துல.

கண்ணு விசயம்

தம்பி ஊரு சென்னிமலைப் பக்கம், அப்பா தறி ஓட்டறவரு, அம்மா அதே குடோன்ல தார் சுத்தறாங்க. சின்ன வயசுல இருந்தே பொழுது சாஞ்சா அவனுக்குக் கண்ணு தெரியாது, ஊட்ல மாலைக்கண்ணுன்னு நெனச்சு முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் ஆக்கிப் போட்டிருக்காங்க, வைட்டமின் ஏ கொறைவுல வர்ற மாலைக்கண்ணுக்கு அது சரி, ஆனா இவனுக்கு இருந்தது ரெடினைடிஸ் பிக்மென்டோசா. பரம்பரையா வர்ற விழித்திரை நோய் அது, மங்கல் வெளிச்சத்துல வேலை செய்யற ராட் செல்லுங்க மொதல்ல சாகும், அதனால ராத்திரிப் பார்வை மொதல்ல போகும், அப்பறம் ஓரப்பார்வை சுருங்கிட்டே வந்து கடைசில குழாய்க்குள்ள எட்டிப் பார்க்கற மாதிரி நடுவுல மட்டும் கொஞ்சம் நிக்கும். சொந்தத்துலயே கட்டற ஊடுகள்ல இந்த மாதிரி நோய் வர்ற வாய்ப்பு கூடுதல், தம்பியோட அப்பாவும் அம்மாவும் அத்தை மவன் மாமன் மவதான்.

இதுல ஒரு சங்கடம் இருக்குங்க. பகல்ல போன்ல மெசேஜ் படிப்பான், அடுத்த நிமிசம் கால்கிட்ட இருக்கற குடத்தை ஒதைச்சுத் தள்ளிருவான். பார்க்கறவங்களுக்கு இது நடிப்பாத்தான் தெரியும், ஹாஸ்டல்ல கூட இருந்த பசங்களே அப்படித்தான் பேசுனாங்க. கண்ணு முழுசா தெரியாதவங்களையும் முழுசா தெரியறவங்களையும் மட்டும்தான் நம்ம ஊருக்குத் தெரியும், நடுவுல இருக்கறவன் பாடு ரொம்ப மோசம்.

மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் வாங்கறதுக்கே அப்பா ஒத்துக்கல. "அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகல கண்ணு, இப்ப போய் இதைய ஊரெல்லாம் சொல்லோணுமா"ன்னாரு, அவரு பயத்தையும் தப்புன்னு சொல்ல முடியாது, பொண்ணு பார்க்க வர்றவங்க என்னென்ன விசாரிப்பாங்கன்னு நமக்குத் தெரியாததா. அதனால இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல பொதுப்பிரிவுல தான் போனான், அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள்ல மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் தர்ற 5 சதவீத இடம் பக்கமே போகல, ஈரோடு மாவட்டத்துல ஒரு தனியார் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கெடைச்சது. ரெண்டாம் வருசம் அக்கா கல்யாணம் முடிஞ்சப்பறம் சர்டிபிகேட்டுக்குப் போனா, மெடிக்கல் போர்டுல எழுத்துச் சார்ட்டை மட்டும் படிக்கச் சொல்லி, ஒதுக்கீட்டுக்கு வேண்டிய 40 சதவீதத்துக்குக் கீழ போட்டு அனுப்பிட்டாங்க, நடுப்பார்வை அப்ப நல்லாத்தான இருந்துச்சு, சார்ட்டு என்னத்தைக் காட்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட அட்டவணைல குறைபார்வைக்கு ரெண்டு அளவுகோல் இருக்கு: ஒண்ணு கூர்மை, இன்னொண்ணு பார்வைப் பரப்பு, பரப்பு 40 டிகிரிக்குக் கீழ 10 வரைக்கும்னா குறைபார்வை, 10க்கும் கீழன்னா பார்வையின்மை. பார்வைப் பரப்பை அளக்கற பெரிமெட்ரி டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில எடுத்துட்டு மறுபடி போனப்பத்தான் 40 சதவீதம் தாண்டுச்சு. இந்த நோய் இருக்கறவங்க மொதத் தடவையே அந்த ரிப்போர்ட்டோட போங்க, இதைய யாரும் சொல்லித் தர்றதில்ல.

நடுவுல ஒரு செமஸ்டர், காலேஜ்ல "40 சதவீதம் இல்லீன்னா எக்ஸ்ட்ரா டைம் கெடையாது"ன்னாங்க. விகாஸ் குமார்ங்கறவரு யூபிஎஸ்சி மேல போட்ட வழக்குல 2021 பிப்ரவரில உச்ச நீதிமன்றம் என்ன சொல்லுச்சுன்னா, பரீட்சைல நாம சொல்லச் சொல்ல எழுதித் தர்ற எழுத்தர் வசதி கேக்கறதுக்கு 40 சதவீதம்ங்கற வரம்பு கட்டாயம் இல்ல, நியாயமான வசதி ஏற்பாடு செஞ்சு தர்றது எல்லா மாற்றுத்திறனாளிக்கும் உரியதுன்னு. அந்தத் தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்து லெட்டரோட வெச்சுக் குடுத்தோம், இன்டர்னல் பரீட்சைல நேரம் குடுத்தாங்க.

காலேஜ்ல

துறைத் தலைவர் நெசமாவே நல்ல மனுசன். தம்பி கதையைக் கேட்டதும் லேப்ல அவனுக்குன்னு பெரிய மானிட்டர் ஒண்ணு வாங்கி வெச்சாரு, எழுத்தெல்லாம் மேக்னிஃபையர் போட்டு மூணு மடங்கு பெருசாக்கி விட்டாரு, மத்த வாத்தியாருங்கெல்லாம் பாராட்டுனாங்க. தம்பிக்கு அதுல ஒரு வரி கூட ஒழுங்கா படிக்க முடியல. பார்வைப் பரப்பு சுருங்குனவனுக்கு எழுத்தைப் பெருசாக்குனா அந்தச் சின்ன வட்டத்துக்குள்ள நாலு எழுத்து விழுந்த இடத்துல ஒண்ணுதான் விழும், மானிட்டர் பெருசாக ஆக கர்சர் எங்க போச்சுன்னு தேடறதுலயே நேரம் போயிரும். அவனுக்கு வேண்டியது கறுப்பு பின்னணில வெள்ளை எழுத்து, சின்ன ஸ்கிரீன், ஜன்னல் வெளிச்சம் கண்ணுல அடிக்காத ஒரு மூலை. அவனைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா காசே செலவாயிருக்காது, ஆனா அவ்வளவு பிரியமா செஞ்ச ஒருத்தர்கிட்ட "இது வேண்டாங் சார்"னு சொல்ல அவனுக்கு வாய் வரல, ஒரு செமஸ்டர் அந்த மானிட்டர் முன்னாடியே உக்காந்து ஓட்டுனான்.

அப்பறம் நடுப்பார்வையும் மங்க ஆரம்பிச்சதும் என்விடிஏ கத்துக்க ஆரம்பிச்சான். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெஹ்னு ஆஸ்திரேலியால ரெண்டு பார்வையில்லாத பசங்க 2006ல ஆரம்பிச்ச ஸ்கிரீன் ரீடர், அதாவது ஸ்கிரீன்ல இருக்கற எழுத்தைச் சத்தமா படிச்சுக் காட்டற சாஃப்ட்வேர், காசு கெடையாது, பெரும்பாலும் பைத்தான்ல எழுதுனது. லேப் அட்மின் எதையும் இன்ஸ்டால் பண்ண விடல, சரி இதுக்கு போர்ட்டபிள் காப்பி இருக்கே, பென் டிரைவ்ல போட்டு ஓட்டிக்கலாம்னா பென் டிரைவும் தடை. கடைசில ஒரு லேப் அசிஸ்டென்ட் பரிதாபப்பட்டு ரெண்டு சிஸ்டத்துல மட்டும் யாருக்கும் சொல்லாம போட்டுக் குடுத்தாரு. இந்த "யாருக்கும் சொல்லாம"ங்கறதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

மொத அடி டர்போ சி, சி மொழில ப்ரோகிராம் எழுதற ரொம்பப் பழைய சாஃப்ட்வேர். இன்னும் நெறைய காலேஜ்ல அந்த நீல ஸ்கிரீனைத்தான் கட்டிட்டு அழுவறாங்க, பழைய டாஸ் சாஃப்ட்வேரை ஓட்டற டாஸ்பாக்ஸ்குள்ள ஓடறதுனால ஸ்கிரீன் ரீடருக்கு அங்க இருக்கறது எழுத்தாவே தெரியாது, வெறும் படம், ஒரு சத்தமும் வராது. விஎஸ் கோடுங்கற புது எடிட்டருக்கு மாத்துனதும் அதே ப்ரோகிராமை அதே மதியம் அடிச்சு ஓட்டிட்டான். மாத்தறதுக்கு அந்த மேடம் மொதல்ல ஒத்துக்கல, "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கணும்"னாங்க, சரிங் மேடம் எல்லாருக்குமே மாத்திருங்கன்னு தம்பி கேட்டான், அடுத்த வருசம் மாத்திட்டாங்க, கண்ணு தெரியற பசங்களுக்கும் விமோசனம்.

பைத்தான்ல ஸ்பேஸ் மாறுனா ப்ரோகிராமே மாறிரும், காதுல கேட்டு எப்படிச் செய்வான்னு எல்லாரும் கேப்பாங்க. என்விடிஏ செட்டிங்ல உள்தள்ளலை பீப் சத்தமா சொல்லச் சொல்லலாம், ஒவ்வொரு ஸ்பேஸுக்கும் சுருதி ஏறும், ஒரு டேப்னா நாலு ஸ்பேஸ் அளவு ஏறும். கொஞ்ச நாள்ல எந்த வரி எந்த லூப்புக்குள்ள இருக்குன்னு சத்தத்துலயே புடிச்சுக்கிட்டான். நிறுத்தற்குறியெல்லாம் முழுசா படிக்கற மாதிரி மாத்தி வெச்சா செமிகோலன் விட்டது காதுக்குத் தெரியும், கண்ணு தெரியறவங்க விடற செமிகோலனை இவன் புடிச்சுக் குடுத்ததை நானே பார்த்திருக்கறன்.

நெசமாவே கஷ்டமா இருந்தது படங்கதான். டேட்டா ஸ்ட்ரக்சர்ல மரம், கிராஃப், அப்பறம் சாஃப்ட்வேரோட அமைப்பைப் படமா வரையற யூஎம்எல், எல்லாம் போர்டுல வரைஞ்சு "இங்கிருந்து இங்க வருது பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. இதுக்கு வழி தம்பியோட அம்மா கண்டுபுடிச்சதுங்க. தறிக் குடோன்ல கழிவு நூலுக்கா பஞ்சம், அட்டைல ஃபெவிகால் தடவி நூலை ஒட்டி, கணு வர்ற இடத்துல சட்டைப் பட்டனை ஒட்டி, பைனரி ட்ரீயை அவன் விரலால தடவிப் பார்க்கற மாதிரி செஞ்சு குடுத்தாங்க. இடது பக்கம் சின்ன நம்பர், வலது பக்கம் பெரிய நம்பர்னு அவன் சொல்லச் சொல்ல அவங்க ஒட்டுவாங்க, ரெண்டு பக்கமும் சமமா நிக்கற மாதிரி தன்னையே மாத்திக்கற ஏவிஎல் மரத்துல சுழற்சி எப்படி நடக்குதுன்னு அந்தம்மாவுக்கு இன்னைக்கும் தெரியும், எட்டாவது படிச்சவங்க. யூஎம்எல்லுக்கு வேற வழி, பிளான்ட்யூஎம்எல், மெர்மெய்டுன்னு எழுத்துல எழுதுனா படமா மாறற மொழிங்க இருக்கு, இவன் எழுத்துல எழுதுவான், வாத்தியார் படமா பார்த்து மார்க் போடுவாரு.

தமிழ் பேப்பர்ல மாட்டுனதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். மொத வருசம் தமிழர் மரபு பேப்பர்ல அரியர் வெச்சிருந்தான், ஜெராக்ஸ் நோட்ஸ் படிக்க முடியாததால. ஃபைலா குடுங்கன்னு கேட்டு வாங்குனா அது பாமினி ஃபான்ட்ல அடிச்சது, கண்ணுக்குத் தமிழாத் தெரியும், உள்ள இருக்கறது ஆங்கில எழுத்து, 'தமிழ்'ங்கற இடத்துல ஸ்கிரீன் ரீடர் "ஜே கே பி ஓ செமிகோலன்"னு படிக்குது. எந்தக் கம்ப்யூட்டரும் தமிழைத் தமிழாவே புரிஞ்சுக்கற யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்டது 2010ல, அதுக்கப்பறம் இத்தனை வருசம் ஆகியும் நோட்ஸ் அடிக்கற கடைல இருந்து போட்டித்தேர்வு கைடு வரைக்கும் பழைய ஃபான்ட்டுதான். கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோடாக்குனதும் விண்டோஸ்ல இருக்கற வள்ளுவர் குரல் கணீர்னு படிச்சுது, அரியர் போச்சு.

பரீட்சைல எழுத்தர் வெச்சது ஒரு தனி நாடகம். காலேஜ்ல பி.காம் படிக்கற பையனைப் புடிச்சுட்டு வந்தாங்க, தம்பி "ஃபார், ஐ ஈக்வல் டு ஜீரோ"ன்னு சொன்னா அவன் அதைய அப்படியே வார்த்தையா எழுதி வெச்சிருக்கான். எழுத்தருக்கு அதே பாடம் தெரியக்கூடாதுங்கறதுல நியாயம் இருக்கு, ஆனா ப்ரோகிராமிங் பேப்பருக்கு அது சரிப்படாது. 2018 ஆகஸ்ட்ல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்ல மணிக்கு 20 நிமிசம் கூடுதல் நேரம் இருந்தது எல்லாருக்கும் தெரியும், மூணு மணி நேரப் பேப்பருக்கு ஒரு மணி. அதே வழிகாட்டுதல்ல பிரெயில், கம்ப்யூட்டர், பெரிய எழுத்துன்னு எந்த வழில எழுதறதுன்னு மாணவரே தேர்ந்தெடுக்கலாம்னு இருந்தது யாருக்கும் தெரியல. இன்டர்னலுக்கு நெட் இல்லாத சிஸ்டத்துல அடிக்க விட்டாங்க, செமஸ்டர் பரீட்சைக்குக் கடைசி வரைக்கும் எழுத்தர்தான்.

வேலை தேடுனது

காலேஜுக்கு வந்த மொதக் கம்பெனி மேடைல பன்முகத்தன்மை பத்திப் பேசிட்டுப் போச்சு, அப்பறம் ஆன்லைன் டெஸ்ட் லிங்க் அனுப்புச்சு. அந்த சைட் ஃபுல் ஸ்கிரீன்ல லாக் ஆகி ஸ்கிரீன் ரீடரோட சாவி எதையும் விடல, ஆப்டிட்யூட்ல பாதிக் கேள்வி படம், விளக்கம் ஒண்ணும் கெடையாது, எடிட்டருக்குள்ள போனா டேப் அமுக்குனா வெளிய வர முடியல, இதுக்கு மேல வெப்கேம் வேற "ஸ்கிரீனைப் பார்க்காம வேற எங்கயோ பார்க்கறீங்க"ன்னு எச்சரிக்கை குடுத்து கடைசில டெஸ்டையே மூடிருச்சு. காப்பியடிச்சான்னு அர்த்தம். கண்ணுல கொறை இருக்கறவனைக் கண்ணு சரியாப் பார்க்கலன்னு தள்ளி விட்டது, இதுக்கு மேல நான் என்ன சொல்றது.

மெயில் போட்டான், பதில் வரல. அதுக்கப்பறம்தான் டெஸ்டுக்கு முன்னாடியே கேக்கணும்னு முடிவு பண்ணுனோம். தம்பி எழுதுன மெயிலைச் சுருக்கமா தர்றேன், யாருக்காச்சும் ஒதவும்:

"நான் குறைபார்வை உள்ளவன், என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் மூலமா கம்ப்யூட்டர் பயன்படுத்தறேன். உங்க டெஸ்ட் அதோட வேலை செய்யுமான்னு பார்க்க ஒரு மாதிரி லிங்க் வேணும். வேலை செய்யலன்னா, என்னோட சிஸ்டத்துல விஎஸ் கோடுல ஸ்கிரீன் ஷேர் பண்ணி அதே கேள்விகளுக்கு எழுதத் தயார். படக் கேள்விக்கு எழுத்து விளக்கமோ மாத்துக் கேள்வியோ, மணிக்கு 20 நிமிசம் கூடுதல் நேரமும் வேணும். கண்ணு அசைவைக் கவனிக்கற வசதியை எனக்கு மட்டும் அணைச்சு வைக்கவும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துப்படி உங்க சமவாய்ப்புக் கொள்கையையும் தொடர்பு அதிகாரி பேரையும் தெரிவிக்கவும்."

அந்தக் கடைசி வரிதான் வேலை செய்யும்ங்க. சட்டத்தோட 21வது பிரிவு எல்லா நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிடணும்னு சொல்லுது, 2017 விதிகள்ல 20 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற தனியார் கம்பெனின்னா என்ன வசதி தருவாங்க, யாரு தொடர்பு அதிகாரிங்கறதையும் சேர்த்தே போடணும்னு இருக்கு. தனியார்ல கட்டாய ஒதுக்கீடு கெடையாது, ஆனா இது இருக்கு. நெறைய கம்பெனி ஹெச்ஆருக்கு இந்த வரியைப் படிச்சப்பறம்தான் தங்களுக்கு அப்படி ஒரு கொள்கை இருக்கா இல்லையான்னே தேடத் தோணும். பாதிப் பேரு பதில் போடவே இல்ல. சரவணம்பட்டில ஒரு நடுத்தரக் கம்பெனி போன் பண்ணி, "எங்க டெஸ்ட் சைட் வேலை செய்யாதுன்னுதான் நெனைக்கறோம், ஸ்கிரீன் ஷேர்ல வாங்க"ன்னாங்க. மூணு கேள்வி, அவனே அடிச்சு ஓட்டிக் காட்டுனான், எடுத்துக்கிட்டாங்க.

அப்பா இதுல சந்தோசப்படல. அவருக்கு டிஎன்பிஎஸ்சி தான் கனவு, அரசு வேலைல மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுல பார்வைக் கொறைபாட்டுக்குன்னு 1 சதவீதம். "கவருமென்ட்டுன்னா கண்ணு முழுசா போனாலும் வேலை போகாது சாமி"ன்னாரு. அது சும்மா சொன்னதில்ல, சட்டத்தோட 20வது பிரிவுல அரசு ஊழியர் வேலைல இருக்கறப்ப ஊனமானா வேலையை விட்டு நீக்கக்கூடாதுன்னு இருக்கு, தனியாருக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல. தம்பி ரெண்டுக்கும் படிக்கறேன்னு சொல்லிச் சமாளிச்சான்.

உள்ள போனப்பறம்

கம்பெனில மொதல்ல அவனைய ஆக்சசிபிலிட்டி டெஸ்டிங்ல, அதாவது மாற்றுத்திறனாளிங்க ஒரு சைட்டைப் பயன்படுத்த முடியுதான்னு பார்க்கற வேலைல போடறதாத்தான் இருந்தாங்க. இதுல எனக்கு ஒரு கருத்து உண்டு. ஸ்கிரீன் ரீடர் தெரிஞ்சவன் அந்த வேலையை நல்லாச் செய்வான்தான், ஆனா பார்வையில்லாதவன்னாலே அந்த ஒரு வேலைன்னு ஒதுக்கறதும் ஒரு வகைத் தீட்டுதான். புனேக்காரரு டி.வி. ராமன் சின்ன வயசுலயே பார்வை போனவரு, ஐஐடி பம்பாய்ல படிச்சு, கணக்குச் சூத்திரத்தைச் சத்தமா மாத்தறதுக்குக் கார்னெல்ல 1994ல முனைவர் பட்டம் வாங்கி, ஈமேக்ஸ் எடிட்டரைப் பேச வைக்கற ஈமேக்ஸ்பீக் எழுதி, கூகுள் வரைக்கும் போனாரு, அவரு செஞ்சது ஆராய்ச்சியும் இன்ஜினியரிங்கும். தம்பிக்கு ஆசை பேக்எண்ட் மேல, சைட்டுக்குப் பின்னாடி சர்வர்ல ஓடற ப்ரோகிராமை எழுதற வேலை, அதையக் கேட்டு வாங்கிக்கிட்டான்.

வேலை ஓடுச்சு, சுத்தி இருக்கறதுதான் ஓடல. டைம்ஷீட் போடற சைட்ல பட்டன் எதுக்கும் பேரே வெக்கல, ஸ்கிரீன் ரீடர் "பட்டன், பட்டன், பட்டன்"னு படிச்சுட்டே போகும், எது சேவ் எது டெலீட்டுன்னு தெரியாது. வருகைப் பதிவு மெசின் முகத்தைக் காட்டச் சொல்லும், எங்க நின்னு காட்டறதுன்னு சொல்லாது. மீட்டிங்ல எல்லாரும் ஸ்கிரீனைக் காட்டி "இந்த லைனைப் பாருங்க"ம்பாங்க, வரி நம்பரைச் சொல்லுங்கன்னு ஒரு பழக்கம் கொண்டு வர்றதுக்கே ரெண்டு மாசம் ஆச்சு, இப்ப அந்த டீம்ல எல்லாருமே நம்பர் சொல்லித்தான் பேசறாங்க.

அவனுக்கு ரொம்பத் தேவைப்பட்டது சாப்ட்வேரே இல்ல, நேரம். பத்து மணி ஷிப்ட்னா முடியறப்ப இருட்டிரும், சத்தி ரோட்டுல தோண்டிப் போட்ட குழி, பஸ் போர்டு படிக்க முடியாது, காந்திபுரம் போய் மாறணும். எட்டு மணிக்கு வந்து அஞ்சுக்குக் கிளம்பறேன், மழைக்காலத்துல ஊட்ல இருந்து வேலை பார்க்கறேன்னு கேட்டான். கம்பெனிக்குக் காசு செலவில்ல. மேனேஜர் உடனே "அதுக்கென்னப்பா, வந்துக்க"ன்னாரு, தம்பி விடல, "எழுதிக் குடுங்ணா"ன்னு நின்னான். ஷிப்ட் நேரம், ஸ்கிரீன் ரீடர், மீட்டிங்ல வரி நம்பர் சொல்றது, எழுத்து வடிவ டாகுமென்ட், எல்லாம் ஒரு பக்கத்துல எழுதி ஹெச்ஆர் கையெழுத்தோட ஃபைல்ல ஏத்துனாங்க. அதே தாளைப் பார்த்துட்டுத்தான் அந்த ஆபீஸ்ல காது கேக்காத ஒரு பொண்ணு காலைல நடக்கற ஸ்டேண்டப் மீட்டிங்கை சாட்ல எழுதச் சொல்லி வாங்கிக்கிச்சு, அதுவரைக்கும் பக்கத்து சீட்காரங்க இஷ்டப்பட்டாத்தான் சொல்லுவாங்க.

எட்டே மாசத்துல மேனேஜர் மாறிட்டாரு. புதுசா வந்தவரு மொத வாரமே "அஞ்சு மணிக்கு எங்க கிளம்பறீங்க"ன்னு கேட்டாரு, தம்பி தாளைக் காட்டுனான், பேச்சு முடிஞ்சுது.

காலேஜ்ல நெலமை வேற. அந்த லேப் அசிஸ்டென்ட் வேற காலேஜுக்குப் போயிட்டாரு, புதுசா வந்தவரு சிஸ்டத்தையெல்லாம் பார்மேட் அடிச்சதுல என்விடிஏ போயிருச்சு, அது அங்க இருந்ததே யாருக்கும் தெரியாதே. துறைத் தலைவரும் ஓய்வு. இந்த வருசம் குறைபார்வை இருக்கற ஒரு பொண்ணு மொத வருசம் சேர்ந்திருக்கு, அதுக்கு அந்தப் பெரிய மானிட்டரைத்தான் தூசி தட்டிக் குடுத்திருக்காங்க. அதுக்குப் பரப்புப் பிரச்னை இல்ல, கூர்மைதான் கம்மி, மானிட்டர் ஒத்து வருதுன்னு சொல்லுது, அது வரைக்கும் சந்தோசம், ஆனா பாமினி நோட்ஸும் படக் கேள்வியும் அப்படியேதான் இருக்கு.

தம்பி இப்ப பிரின்சிபாலுக்கு ஒரு கடுதாசி எழுதியிருக்கான். எல்லா லேப் சிஸ்டத்துலயும் பார்மேட் அடிச்சப்பறம் மறுபடி போடற சாஃப்ட்வேர் பட்டியல்ல என்விடிஏ சேரணும், துறை தர்ற தமிழ் நோட்ஸ் யூனிகோடுல இருக்கணும், பிளேஸ்மென்ட்டுக்கு வர்ற கம்பெனிகிட்ட தேதி குடுக்கறதுக்கு முன்னாடியே டெஸ்ட் சைட் பத்திக் கேக்கணும், யாரு பொறுப்புன்னு ஒரு பேரு போடணும், இவ்வளவுதான் அதுல. தபால்ல அனுப்பி, போய்ச் சேந்ததுக்கு அத்தாட்சியும் வந்துருச்சு, ஆபீஸ்ல கேட்டா அடுத்த கவுன்சில் மீட்டிங்ல வெக்கறோம்னு சொல்லியிருக்காங்க. கம்பெனியோட டைம்ஷீட் சைட் பத்திப் போட்ட புகார் டிக்கெட் மட்டும் இன்னும் ஓபன்லதான் கெடக்குது, அந்தப் பட்டனுங்களுக்குப் பேரு வெக்கறது எந்த டீம் வேலைன்னு அவங்களுக்குள்ளயே இன்னும் முடிவாகல.